கீரிக்கு ஏன் சாமி வரவில்லை?

நான் கேட்ட கதைகளில் முதன்முதலாகச் செத்துப்போனது ஒரு கீரிப்பிள்ளை. எனக்கு அப்போது ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கலாம். திருவாரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், கரண்ட் போய்விட்ட இரவுகளில் அப்பாயி திண்ணையில் பாய் விரித்து எங்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வார். பிள்ளையில்லாத வீடு ஒன்றில் கீரியைப் பிள்ளைபோல் வளர்த்தார்கள், பிறகு அந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, தாய் தண்ணீருக்குப் போன நேரத்தில் தூளியருகே பாம்பு வந்தது, கீரி அந்தப் பாம்பைக் கடித்துத் துண்டுதுண்டாக்கிவிட்டுத் தாய்க்குச் சேதி சொல்ல வாசலுக்கு ஓடி வந்தது என்பது வரை நாங்கள் எல்லோரும் கீரியின் கட்சி. அடுத்து அப்பாயி குரலைத் தாழ்த்தி, "கீரியோட வாயெல்லாம் ரெத்தம்" என்பார். அவர் எப்போதும் வெற்றிலை போடுகிறவர். அரிக்கேன் வெளிச்சத்தில் அவருடைய வாயும் அப்படித்தான் இருக்கும். நான் கதையை விட்டுவிட்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இடுப்புல இருந்த குடத்த அப்படியே தூக்கி அது தலையில போட்டுட்டா. செத்துப்போச்சு." இதற்கு மேல் அப்பாயி எதுவும் சொல்ல மாட்டார். எழுந்துபோய்த் தெருவோரம் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்காருவார். அந்த இடைவெளியில் நாங்கள் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. குடத்துத் தண்ணீர் வாசற்படியில் இறங்கி ஓடியது என்பதையும், தாய் உள்ளே போய்த் தூளியில் பிள்ளை சிரித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தாள் என்பதையும் அவர் திரும்பி வந்த பிறகுதான் சொல்வார். கதையின் பாடத்தையும் ஒரு வரியில் சொல்வார். அது பெண்களின் அவசர புத்தியைப் பற்றியது. அந்த வரியை மட்டும் நான் என் மகளுக்குச் சொல்லவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. என்னைப் போல அவளுக்குக் கதையில் முதல் சாவு வரவில்லை. சென்ற ஆண்டு என் அப்பா இறந்தார். அவளை அந்த மூன்று நாளும் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்தவள் தாத்தா எங்கே என்று கேட்டபோது, பெரியவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பதில் சொன்னார்கள். சாமிகிட்ட போயிட்டார் என்றார் ஒருவர். தூங்குறார் என்றார் இன்னொருவர். நான் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று இப்போது தோன்றுகிறது. "தாத்தா தவறிட்டார்மா" என்றேன். வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டவர்களிடம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த சொல் அது. வாயில் அதுதான் வந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "எங்க தவறினார்? வா, தேடலாம்" என்றாள். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அதற்குச் சில மாதம் முன்பு திருவாரூர்த் தேர் பார்க்கப் போனபோது, கூட்டத்தில் கையை விட்டுவிடாதே, தவறிப்போயிடுவே என்று அவளிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லுக்கு அவள் அறிந்த பொருள் அது ஒன்றுதான். தாத்தா கையை விட்டுவிட்டார், ஆகவே தேடினால் கிடைப்பார்.

தமிழில் செத்துப்போனார் என்று சொல்லாமல் இருப்பதற்கு நம்மிடம் உள்ள சொற்களுக்குக் கணக்கில்லை. காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், சிவலோகப் பதவி அடைந்தார் என்று தெருவெங்கும் சுவரொட்டிகள் ஒட்டியிருக்கின்றன. நாம் மங்கலம் பார்த்து ஒதுங்காமல் சொல்வதாக நினைக்கும் 'இறந்தார்' என்பதே கடந்துபோனார் என்ற பொருளுடைய சொல்தான். இவை எல்லாம் பெரியவர்களுக்கு இடையே மரியாதையாகப் புழங்குபவை. நமக்கு உண்மை ஏற்கெனவே தெரியும் என்பதால் அதன்மேல் துணி போர்த்த முடிகிறது. துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத பிள்ளைக்குத் துணி மட்டும்தான் தெரியும். புடாபெஸ்ட் நகரத்தில் 3 முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளை எழுதவும் வரையவும் பேசவும் வைத்து மரியா நாகி என்ற உளவியலாளர் செய்த ஆய்வு 1948இல் வெளியானது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சாவைப் பெரும்பாலும் ஒரு பயணமாகவோ தூக்கமாகவோதான் எண்ணுகிறார்கள், அதிலிருந்து திரும்பி வரலாம் என்று நம்புகிறார்கள் என்று அவர் கண்டார். பிள்ளைகள் தாமாகவே அப்படித்தான் எண்ணுவார்கள் என்னும்போது, தூங்குகிறார் என்றும் ஊருக்குப் போயிருக்கிறார் என்றும் சொல்லி அந்த எண்ணத்துக்கு நாமே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் யாராவது உண்டா என்று தேடியபோது எனக்குக் கிடைத்தது அமெரிக்கத் தொலைக்காட்சியின் குழந்தைகள் நிகழ்ச்சியான 'செசமி ஸ்ட்ரீட்'. அந்த நிகழ்ச்சியில் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்து வந்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துவிட்டார். வேறொருவரை அந்த வேடத்தில் போட்டிருக்கலாம், அல்லது கடைக்காரர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யாமல், 1983 நவம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் ஹூப்பரும் இறந்துவிட்டதாகவே சொன்னார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் மனம் கொண்ட பெரிய மஞ்சள் பறவை ஒன்று, தான் வரைந்த படங்களை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து, ஹூப்பரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே என்று கேட்கிறது. அவர் செத்துவிட்டார் என்று நினைவூட்டுகிறார்கள். அப்படியானால் திரும்பி வந்ததும் கொடுத்துக்கொள்கிறேன் என்கிறது பறவை. செத்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஒரு பெண் அதனிடம் சொல்கிறார். அந்தப் பறவையின் நிலையில்தான் செருப்பை மாட்டிக்கொண்டு என் மகளும் நின்றாள். அவளுக்கு அதைச் சொல்ல என்னிடம் யாரும் இல்லை. நானும் சொல்லவில்லை.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் பரிசாக வந்தது. அட்டையிலேயே கீரி. எனக்கு ஆவல் தாங்கவில்லை. படித்துக் காட்டிக்கொண்டே போனால், தாய் குடத்தை எறிகிறாள், குறி தவறிவிடுகிறது, கீரி துள்ளி ஓடுகிறது, தாய் உள்ளே போய்ப் பாம்பைப் பார்த்துவிட்டு வந்து கீரியிடம் மன்னிப்புக் கேட்கிறாள், கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். படங்கள் அழகாக இருந்தன. மகள் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனாள். மறுநாள் அந்தப் புத்தகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குடம் குறி தவறிய பிறகு அது கீரிக்கதையாக இல்லாமல், ஏதோ ஒரு வீட்டில் நடந்த சின்னத் தகராறாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும் தவறுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதை வேண்டியதில்லை; அவர்கள் தினமும் பத்து முறை மன்னிப்புக் கேட்டுப் பழகியவர்கள்.

ஒரு வாரம் பொறுத்து நான் அப்பாயியின் கதையைச் சொன்னேன். என் வாய் சிவப்பாக இல்லை என்ற குறை ஒன்றைத் தவிர, எல்லாம் அவர் சொன்னபடியே. "செத்துப்போச்சு" என்று நான் நிறுத்தியதும் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா மாதிரியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"தேடினாலும் கிடைக்காதா?"

கிடைக்காது என்றேன். அத்தனை மாதமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லத் துணியாததைச் சொல்ல, பல நூறு ஆண்டுகளுக்கு முன் செத்த ஒரு கீரி எனக்கு வேண்டியிருந்தது. அவள் படுத்துக்கொண்டாள். என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. சொல்ல வேண்டியதுதான், அதற்கு ராத்திரி ஒன்பதரை மணியா கிடைத்தது என்பது அவள் கட்சி. அது நியாயமும்கூட. அடுத்த இரண்டு இரவும் விளக்கை அணைக்க மகள் விடவில்லை.

ஆனால் மூன்றாம் நாள் அதே கதையைத்தான் கேட்டாள். நான்காம் நாளும் அதுவே. முடிவு தெரிந்த பிறகு அவள் கதை கேட்கும் விதம் மாறிவிட்டது. தாய் குடத்தோடு தெருமுனை திரும்பும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். கீரி வாசலுக்கு வந்ததும், என்னிடம் அல்ல, அந்தத் தாயிடம், "உள்ள போய்ப் பாரு, உள்ள போய்ப் பாரு" என்று தாழ்ந்த குரலில் சொல்வாள். ஒவ்வொரு இரவும் அவள் சொன்னாள். ஒவ்வொரு இரவும் அந்தப் பெண் கேட்கவில்லை.

இதற்கிடையில், ஒரு மாற்றத்துக்காக, எங்கள் ஊர்க் கதையான மனுநீதிச் சோழனைச் சொன்னேன். திருவாரூரில் தேர்ச் சக்கரத்தின் கீழே இளவரசன் கிடக்கும் கல்தேரை அவள் பார்த்திருக்கிறாள். கன்று தேர்க்காலில் சிக்கிச் செத்தது, தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது, அரசன் தன் மகனையே அதே தேர்க்காலில் கிடத்தித் தேரை ஓட்டினான், உடனே சிவபெருமான் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் உயிர்ப்பித்தார் என்று சேக்கிழார் வழியிலேயே முடித்தேன். அவள் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு விளக்கைப் பார்த்தபடி ஒரு கேள்வி கேட்டாள்.

"கன்னுக்குட்டிக்கு சாமி வந்தாருல்ல, கீரிக்கு ஏன் வரலை?"

பதில் தெரியாமல் முழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கல்லூரியில் தமிழ் படித்தவன் நான். அந்தக் கேள்வியின் கூச்சம் தாளாமல் மறுநாள் சிலப்பதிகாரத்தை எடுத்துப் பிரித்தேன். கீரிக்கதை பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் வருவது என்பது பலருக்கும் தெரியும். அது நம் சிலம்பிலும் வருகிறது என்பதைப் பாடமாகப் படித்திருந்தும் நான் மறந்துவிட்டிருந்தேன். அடைக்கலக் காதையில், மதுரையின் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கும் மாடலன் என்னும் மறையவன், கோவலன் முன்பு செய்த நற்செயல்களை எடுத்துச் சொல்கிறான். அவற்றுள் ஒன்று கீரியைக் கொன்ற பெண்ணைப் பற்றியது. 'பிள்ளை நகுலம் பெரும்பிறிது ஆக' என்று அந்தப் பகுதி தொடங்குகிறது. நகுலம் என்றால் கீரி. பெரும்பிறிது என்றால் சாவு. பெரிய வேறு ஒன்று. மங்கலம் பார்த்துச் சொன்ன சொல்தான் என்றாலும், இதை ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது செருப்பை மாட்டிக்கொண்டு தேடக் கிளம்பாது.

இளங்கோ கதையைப் பாம்பிலும் குடத்திலும் நிறுத்தவில்லை. எல்லோரும் முடிக்கும் இடத்தில்தான் அவர் தொடங்குகிறார். பிழை செய்தவள் கையால் உண்டு வாழ்வது தகாது என்று கணவன் அவளைவிட்டு வடக்கே போய்விடுகிறான். போகும்போது வடமொழி வாசகம் எழுதிய ஓர் ஏட்டை அவளிடம் கொடுத்து, அறிந்தவர்களிடம் காட்டு என்கிறான். அவள் புகாரின் கடைத்தெருவிலும் வணிகர் மாடங்கள் இருக்கும் தெருக்களிலும் வீடுவீடாகப் போய், என் பாவத்தைத் தீர்த்து அந்தப் பலனைக் கொள்வார் உண்டா என்று கூவுகிறாள். கோவலன் அவளை அருகே அழைத்து, உனக்கு என்ன துன்பம், இந்த ஏடு என்ன என்று கேட்கிறான். கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளுடைய பாவம் நீங்கத் தானங்கள் செய்து, கணவனையும் திரும்ப அழைத்து வந்து சேர்த்துவைத்து, வாழப் பொருளும் கொடுக்கிறான்.

அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று சிறுவயதில் நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கீரி செத்ததோடு அவளும் எனக்கு முடிந்துபோயிருந்தாள். ஆனால் அவள் உயிரோடு இருந்தாள். அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். கீரிக்குச் சாமி வரவில்லை, கொன்றவளுக்கு ஒரு மனிதன் வந்தான்.

அந்த மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என்னை அன்று புத்தகத்தை மூடிவைக்க வைத்தது. அடைக்கலக் காதைக்கு அடுத்தது கொலைக்களக் காதை. கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். பொற்கொல்லன் அவனைக் கள்வன் என்கிறான். பாண்டியன், இளங்கோவின் சொல்லில், 'தேரான்' ஆகி, அதாவது ஆராயாதவனாகி, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று விடுகிறான். வாயில் ரத்தம் இருந்தது, ஆகவே பிள்ளையைக் கடித்தது. கையில் சிலம்பு இருந்தது, ஆகவே திருடினான். ஆராயாமல் கொன்றவளின் பாவத்தைத் தன் பொருளால் தீர்த்தவன், ஆராயாமல் கொல்லப்படுகிறான். கீரிக்கதையை இதற்கு நேர் முன்னால் இளங்கோ தற்செயலாக வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அப்பாயி சொல்லும் அந்தக் கடைசி வரியை நான் மகளிடம் சொல்லாமல் விட்டதற்கும் காரணம் இதுவே. அவசர புத்தி குடம் சுமந்து வரும் பெண்களுக்கு மட்டும் உரியதென்றால், அரியணையில் உட்கார்ந்திருந்தவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. 'தேரா மன்னா' என்று கண்ணகி பாண்டியனை விளித்ததும் தன் ஊரின் பெருமையாக எடுத்துச் சொல்பவற்றுள் ஒன்று, கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனின் கதை. என் மகள் அடுத்தடுத்த இரவுகளில் கேட்ட இரண்டு கதைகளும், கோவலன் சாவுக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகச் சிலம்பில் நிற்கின்றன. கண்ணகி சொல்லும் கதையில் சிவபெருமான் வருவதில்லை. 'அரும்பெறல் புதல்வனை ஆழியின் மடித்தோன்' என்பதோடு முடிகிறது. கன்று எழவில்லை, பிள்ளை எழவில்லை. அவர்கள் எழுந்தது பின்னால், 12ஆம் நூற்றாண்டில், பெரியபுராணத்தில். பக்தி நூலுக்கு அந்த முடிவு பொருந்தும். அதில் நான் குறை காணவில்லை. ஆனால் கணவனை இழந்து பாண்டியன் முன்னே நிற்கும் கண்ணகியின் வாயில் அந்த முடிவை வைத்துப் பாருங்கள், உதவாது. உயிர்த்தெழுந்தவர்களைப் பற்றிக் கேட்டு அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் பார்த்தவரை, கீரிக்கதை போன இடத்திலெல்லாம் மிருகத்தை யாரும் பிழைக்கவைக்கவில்லை என்பதும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதப்பட்ட 'கலீலா வ திம்னா' என்ற கதை நூலில் அது சாகிறது. ஐரோப்பாவுக்குப் போனதும் கீரி நாயாகிவிட்டது, அங்கேயும் சாகிறது. பிரான்சில் லியோன் நகரத்துக்கு அருகே, 13ஆம் நூற்றாண்டில், இப்படிக் கொல்லப்பட்ட கினெஃபோர் என்ற நாயின் சமாதிக்குத் தாய்மார்கள் நோயுற்ற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதைக் கேள்விப்பட்டுப் போன எதியேன் என்ற பாதிரியார் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரிக்கச் செய்தும் அந்த வழிபாடு பல நூற்றாண்டு நீடித்தது. வேல்ஸில் ஒரு கிராமத்தில் கெலெர்ட் என்ற நாயின் கல்லறையை இன்றும் பார்க்கலாம். உள்ளூர் விடுதிக்காரர் ஒருவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆள் வரட்டும் என்று நட்டுவைத்த கல் அது என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும், வந்தவர்கள் அழுதது பொய்யில்லையே. அரபு நாடும் பிரான்சும் வேல்ஸும் கைவைக்காத முடிவில், பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கும் என்று நாம் கைவைத்துவிட்டோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பதிலோடுதான் மகளிடம் போனேன் என்று சொல்ல ஆசை. கீரிக்கு ஏன் சாமி வரவில்லை என்ற கேள்விக்குத் தெரியலைமா என்றுதான் சொன்னேன். அவள் அதை எதிர்பார்த்தவள்போல எடுத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, இன்று நான் சொல்கிறேன் என்று அவளே அந்தக் கதையைச் சொன்னாள். என் மனைவியும் வந்து உட்கார்ந்துகொண்டாள். கீரியைப் பிழைக்கவைத்துவிடுவாள் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். பிழைக்கவைக்கவில்லை. குடம் விழுந்தது, தண்ணீர் வாசற்படியில் ஓடியது, எல்லாம் இருந்தபடியே இருந்தது. அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் சேர்த்திருந்தாள். தூளியில் கிடந்த பாப்பா வளர்ந்து பெரிய ஆளாயிற்றாம். நடந்ததை அதற்கு யாரோ சொன்னார்களாம். அந்தக் கீரிக்கு யாரும் பேர் வைக்கவில்லை என்று தெரிந்ததும், பாப்பா அதற்கு ஒரு பேர் வைத்ததாம்.

உண்மைதான், அப்பாயியின் கீரிக்கும் பேர் இல்லை, இளங்கோவின் கீரிக்கும் இல்லை. என்ன பேர் என்று கேட்டேன்.

"அது அந்தப் பாப்பாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தானே எழுந்துபோய் விளக்கை அணைத்தாள்.